போடிலின் ஒரே பிடி

போடில் கிராக் முதலில் பஸ் ஓட்டினாள். அவள் பிரேக் பிடித்தபோதெல்லாம் பயணிகளின் பைகள் முன்னால் பறந்தன, வேலை போனது. பிறகு கோபன்ஹேகனில் எங்கள் பொழுதுபோக்குப் பூங்காவுக்கு வந்தாள். இங்கே அதே பிடிக்காக ஜனங்கள் மழையிலும் வரிசையில் நின்றார்கள்.

எங்கள் மர ரோலர் கோஸ்டர் பழையது. ஒவ்வொரு வண்டியின் நடுவிலும் ஒருவர் உட்கார்ந்து லீவரை இழுத்து பிரேக் போட வேண்டும். இருபத்தாறு கோடைகளாக ஒரு வண்டியில் அந்த இருக்கை போடிலுடையது. நான் கீழே நின்று பெல்ட் மாட்டிவிடுபவன். அவள் வண்டியிலிருந்து வரும் கூச்சலைக் கேட்டாலே எனக்குத் தலைகால் புரியாது.

போன ஜூனில் ஒரு பல் டாக்டரின் பொய்ப்பல் பறந்துபோய் வாத்துக் குளத்தில் விழுந்தது. போடில் கண்மண் தெரியாத வேகத்தில் ஓட்டுகிறாள் என்று புகார். புது மேலாளர் டோர்பென் அவளைப் பஞ்சுமிட்டாய்க் கடைக்கு மாற்றும் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தார். விஷயத்தைக் கேட்டதும் போடிலின் முகம் செத்துவிட்டது. அந்த இருக்கைதான் அவளுக்கு எல்லாம்.

"மத்த வண்டிய விட என் வண்டி வேகமாப் போகல, டோர்பென். நீயே ஏறிப் பாரு" என்றாள்.

டோர்பென் வேகமானியோடு ஏறினார். முதல் சுற்றில், மற்ற வண்டிக்காரர்களைப் போல போடில் வளைவுக்கு வெகுமுன்பே பிரேக்கை மெல்ல மெல்ல அழுத்தினாள். அறுபதில் வந்த வண்டி முப்பதுக்கு இறங்கியது. டோர்பென் கொட்டாவி விட்டார். இரண்டாவது சுற்றில் கடைசி நொடிவரை லீவரைத் தொடவில்லை. பிறகு ஒரே பிடி. அதே அறுபது, அதே முப்பது. ஆனால் மேலாளரின் தொப்பி போனது, மூக்குக் கண்ணாடி போனது, அம்மாவைக் கூப்பிட்ட அலறல் எனக்குக் கீழேவரை கேட்டது.

இறங்கியதும் அவர், எப்படி இரண்டும் ஒரே வேகம் என்று கேட்டார்.

"வேகம் வயித்துக்குத் தெரியாதுப்பா. ரயில்ல நூத்தறுபதுல காபி குடிச்சுக்கிட்டே வர்றியே, சிந்துதா? வேகம் சட்டுனு மாறினாத்தான் வயித்துக்குத் தெரியும். நான் வேகத்தக் கூட்டல. அது மாறுற நேரத்தக் குறைச்சேன், அவ்வளவுதான்."

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. பல்லைப் பறக்கவிட்டது தன் கைதான் என்று தானே ஒப்புக்கொண்டுவிட்டாள்.

டோர்பெனுக்கும் புரிந்துவிட்டது. சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். போடிலைப் பார்த்தார். பிறகு திரும்பவும் வண்டியில் ஏறி உட்கார்ந்து, என்னிடம் பெல்ட்டை இறுக்கி மாட்டச் சொன்னார்.

"இன்னும் கொஞ்சம் சோதிக்கணும்" என்றார்.

கடிதம் இன்றுவரை போடில் கைக்கு வரவில்லை. சோதனை மட்டும் தினமும் நடக்கிறது.