சைக்கிள் மணி முதல் கார் சத்தம் வரை

அக்கா செத்தபோது அம்மா அழுத பாட்டை இப்போது தஞ்சாவூரைச் சுற்றி எந்த இழவு வீட்டிலும் கேட்கலாம். சவுண்டு செட்டுக்காரர்கள் பென் டிரைவில் வைத்திருக்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. அந்தப் பாட்டில் என் அக்கா இல்லை.

அக்காவுக்கு மஞ்சள் காமாலை. பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். நாட்டு மருந்து, பத்தியம் என்று நாளைக் கடத்திவிட்டு, பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது எல்லாம் கைமீறிப் போயிருந்தது. வேனில் திரும்பி வந்தவளை வாசலில் கிடத்தினார்கள். பள்ளிக்கூடத்தில் கொடுத்த அவளுடைய சைக்கிள் வேலியோரம் நின்றது. பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டு அழுதார்கள். நடவு வயலில் பாட்டுக்கு முதல் குரல் கொடுக்கிற அம்மாவோ வாயே திறக்கவில்லை. உட்கார இடம் வேண்டுமென்று யாரோ சைக்கிளை நகர்த்தினார்கள். மணி லேசாகக் கிணுகிணுத்தது. அம்மா தலையைத் தூக்கிப் பார்த்தாள். அப்புறம்தான் பாட்டு வந்தது.

சைக்கிள் மணி கேட்டா சந்துக்கு ஓடியாருவேன்
சாயங்காலம் ஆயிருச்சே என் கண்ணு வரலியே

இன்னும் நிறைய அடிகள் பாடினாள். இந்த இரண்டும்தான் என் மனதில் தங்கின. அம்மா உண்மையிலேயே அப்படி ஓடுவாள். அக்கா தெருமுனையில் மணி அடித்தால் சோற்றுக் கரண்டியோடு சந்துவரை போய் நிற்பாள்.

எங்கள் பக்கம் சாவு விழாத வீட்டிலும் கருமாதி முடிந்த வீட்டிலும் ஒப்பாரி பாடக் கூடாது. பாடினால் அடுத்த சாவை வா என்று கூப்பிடுவதாக அர்த்தம். கருமாதி முடிந்த மறுநாள் அம்மா அடுப்படியில் அந்தப் பாட்டை முணுமுணுத்தாள். அப்பா அதட்டினார்.

“வாய மூடு. இருக்குற இன்னொண்ணையும் வாரிக் குடுக்கணுமா?”

இன்னொன்று என்றது என்னை. அதற்குப் பிறகு வீட்டுக்குள் அம்மா அதைப் பாடியதே இல்லை.

அதனால் அவள் பிறத்தியார் சாவுக்குப் போகத் தொடங்கினாள். சுற்று வட்டாரத்தில் எங்கே இழவு விழுந்தாலும் முதல் ஆளாக நிற்பாள். முகம்கூடத் தெரியாத கிழவருக்காக மாரில் அடித்துக்கொண்டு அழுவாள். என்ன பாசம், என்ன பாசம் என்று ஊர் மெச்சியது. அவள் யாருக்காக அழுகிறாள் என்று எனக்குத் தெரியும். திரும்பி வரும்போது முகம் கொஞ்சம் தெளிந்திருக்கும், அன்றைக்கு நன்றாகச் சாப்பிடுவாள்.

இப்படிப் போன இடத்தில்தான் பாட்டு கைமாறியது. கூட வந்து அழுத என் சித்தி அதை நன்றாகப் பிடித்துக்கொண்டாள். ஆனால் ஒரு சாவில், உழுது பிழைத்த பெரியவருக்குச் சைக்கிள் மணி எப்படிப் பொருந்தும்? மாட்டு மணி என்று மாற்றினாள். நான் சண்டைக்குப் போனேன். அம்மாவுக்குக் கோபமே வரவில்லை.

“அழுவுறவளுக்கு ஒரு வார்த்த வேணாமா? பாடிட்டுப் போறா, விடு.”

ஆனால் அவள் மட்டும் சைக்கிளை விடவில்லை. எவர் சாவாக இருந்தாலும், செத்தவர் பிறந்ததிலிருந்து சைக்கிளே ஏறாதவராக இருந்தாலும், அம்மாவின் வாயில் சைக்கிள் மணிதான்.

பிறகு கும்பகோணம் பக்கத்திலிருந்து ஓர் ஒப்பாரிக் குழு வந்தது. புடவை கட்டி மைக் பிடித்துப் பாடுகிற ஆண்கள். விபத்தில் போன ஒரு பையனுக்காக அவர்கள் பைக் சத்தம் என்று பாடினார்கள். கடைசியில் யாரோ ஒரு புண்ணியவான் கீபோர்டு, டிரம்ஸ் எல்லாம் சேர்த்துப் பதிவுசெய்து செல்போன்களில் பரவவிட்டார். அதில் கார் சத்தம். ‘என் கண்ணு’ போய் ‘எங்க அய்யா’ வந்துவிட்டது. பெரிய மனிதர்களின் சாவுக்குத் தோதாக இருக்க வேண்டுமாம். குடிசை வீட்டுச் சாவிலும் இப்போது அதைத்தான் போடுகிறார்கள். செத்த பிறகாவது ஒரு கார் கிடைக்கிறது.

அப்பா போன பிறகு அம்மா தஞ்சாவூரில் என்னோடு இருக்கிறாள். நான் பள்ளிக்கூட ஆசிரியை, மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். இரண்டு மூன்று வருடமாக அம்மாவுக்கு மறதி நோய். முதலில் சாமான்களின் பெயர் போயிற்று, அப்புறம் ஊர், அப்புறம் அப்பா. சுவரில் இருக்கும் அக்காவின் படத்தைப் பார்த்து, “இந்தப் பொண்ணு லட்சணமா இருக்கு, யாரு வீட்டுப் பொண்ணு?” என்று கேட்டாள். நான் குளியலறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் திடீரென்று பாடினாள். குரல் அப்படியே இருந்தது.

கார் சத்தம் கேட்டா சந்துக்கு ஓடியாருவேன்...

யார் யாரோ மாற்றினார்கள், பொறுத்துக்கொண்டேன். அவள் வாயிலேயே கார் வந்ததைத்தான் தாங்க முடியவில்லை. ஊரில் எங்கள் சந்தில் கார் நுழையவே முடியாது. ‘சைக்கிள் மணிம்மா’ என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கீழ்வீட்டுக்கார அம்மா படியேறி வந்துவிட்டார்.

“டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க. கீழ எங்க வீட்டுக்காரர் படுத்த படுக்கையா இருக்காரு. ஒப்பாரி மட்டும் வேணாங்க.”

அவர் பயம் அவருக்கு. மறுநாள் சாயங்காலம் அம்மாவைப் புதாற்றங்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வீடு வாசல் இல்லாத இடம், அங்கே பாடினால் யாருக்கும் கெடுதல் இல்லை. ஆற்றில் தண்ணீர் கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. அக்காவை அவளுக்குத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பது மட்டும்தான் என் எண்ணம். பிறந்ததிலிருந்து நான் பாடியதில்லை. கட்டைக் குரலில் அந்த இரண்டு அடியையும் பாடினேன், சைக்கிள் மணியோடு.

அம்மாவின் கை தானாக எழுந்து என் தோளில் விழுந்தது. இழவு வீட்டில் விழுகிற அதே மாதிரி. ‘என் கண்ணு வரலியே’ என்று முடித்தபோது அவள் கண்ணிலிருந்து நீர் இறங்கியது. வந்துவிட்டது, எல்லாம் வந்துவிட்டது என்று நினைத்தேன்.

“யாரு செத்தது?” என்று கேட்டாள்.

அக்காவின் பெயர் தொண்டைவரை வந்தது. அதைச் சொல்லத்தான் அவ்வளவு தூரம் கூட்டி வந்திருந்தேன். ஆனால் சொன்னால் அவளுடைய பெண் அந்த நிமிஷம்தான் செத்திருப்பாள். நாளைக்கு மறந்துவிட்டுத் திரும்பவும் கேட்பாள். அவள் பெண் திரும்பவும் செத்துப்போவாள்.

“யாரும் இல்லம்மா. சும்மா ஒரு பாட்டு.”

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“யாரு பெத்த புள்ளையோ, பாவம்,” என்றாள். “பெத்தவ எப்புடித் தாங்குனாளோ.”

“தெரியலம்மா,” என்றேன்.