சாம்பிராணிக்குக் கொடுத்த நம்பர்

எண்பதுகளின் நடுவில் மலேசியாவின் கோலசிலாங்கூர் வட்டாரத்தில் அலாரம் டெக்னிஷியனாக இருந்தேன். தோட்டத்து பங்களாக்களில் ஸ்மோக் டிடெக்டர் மாட்டுவோம். புகை பட்டால் வீட்டில் ஹோர்ன் அலறும். கூடவே டெலிபோன் லைன் வழியாகக் கிள்ளானில் உள்ள எங்கள் கண்ட்ரோல் ரூமுக்கு சிக்னல் போகும். அங்கிருந்து பொம்பாவை, அதாவது தீயணைப்புப் படையை, அனுப்புவார்கள்.

சோதனைக்குப் போனால் முதலில் கண்ட்ரோல் ரூமுக்கு போன் செய்து, கம்பெனி எனக்குக் கொடுத்த ரகசிய நம்பரைச் சொல்லி, வீட்டை 'டெஸ்ட்டில்' போடச் சொல்வேன். டெஸ்ட்டில் இருக்கும் வீட்டிலிருந்து எந்த சிக்னல் வந்தாலும் கண்டுகொள்ள மாட்டார்கள். வேலை முடிந்ததும் மறுபடி கூப்பிட்டு எடுக்கச் சொல்ல வேண்டும்.

ஜெரம் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்து மானேஜர் வீட்டில் மாட்டிய முதல் வெள்ளிக்கிழமையே வம்பு. அவர் மனைவி சரோஜா அக்கா சாம்பிராணி போட்டார், பொம்பா வண்டி வந்து நின்றது. அடுத்த வெள்ளியும் அதே கூத்து.

"தம்பி, நான் சாமி கும்புடுறதா வேணாமா? கழட்டிட்டுப் போயிருங்க லா!"

எப்படிக் கழற்றுவது? பக்கவாதத்தில் படுத்திருந்த அக்காவின் மாமனாருக்காகத்தான் அதை மாட்டியதே. பெரிய புத்திசாலி என்ற நினைப்பில், வெளியாருக்குச் சொல்லக்கூடாத என் நம்பரை அக்காவிடம் கொடுத்தேன். சாம்பிராணிக்கு முன்னால் டெஸ்ட்டில் போட்டு, முடிந்ததும் எடுக்கச் சொல்லுங்கள் என்றேன். ஹோர்ன் கொஞ்சம் அலறினாலும் பொம்பா வராமல் இரண்டு மாதம் நிம்மதியாக ஓடியது.

ஒரு வெள்ளி மாலை அக்கா டெஸ்ட்டை எடுக்க மறந்துவிட்டார். மாமனார் தூங்குகிறாரே என்று கோயிலுக்கு ஒரு நடை போனார். தட்டிலிருந்து சிதறிய கங்கு ஜன்னல் திரையைப் பிடித்துக்கொண்டது. கிள்ளானில் சிக்னல் வந்தது. ஆனால் அது டெஸ்ட்டில் இருக்கும் வீடு.

அன்று டூட்டியில் இருந்தவர் மெஹருன் அக்கா. வீட்டுக்கு போன் அடித்தார், யாரும் எடுக்கவில்லை. உடனே பொம்பாவை அனுப்பினார். சாமி அறை போயிற்று. பெரியவரை உயிரோடு தூக்கி வந்துவிட்டார்கள்.

திங்கட்கிழமை முதலாளி முன் நின்று, நம்பர் கொடுத்தது நான்தான் என்றேன். வேலை போயிற்று என்றே நினைத்தேன். திட்டித் தீர்த்துவிட்டு, "போயி அந்த டிடெக்டர தள்ளி மாட்டு. கண்ட்ரோல் ரூம் அம்மாவுக்கு நன்றி சொல்லு," என்றார்.

இடம் மாற்றி மாட்டி, புகை காட்டிப் பார்த்துவிட்டு, அந்த வீட்டிலிருந்தே மெஹருன் அக்காவுக்கு போன் செய்தேன்.

"டெஸ்ட்ல இருந்த வீட்டுக்கு எப்படிக்கா பொம்பாவ அனுப்பத் தோணுச்சு?"

"வெள்ளிக்கிழம தவறாம ஒரு பொம்பள உன் நம்பரச் சொன்னா, எதுக்குன்னு தெரியாதா? எங்க வீட்லயும் வியாழக்கிழம சாம்பிராணி போடுவோம் தம்பி. அர மணி நேரத்துல பொக அடங்கிரும். இது ஒரு மணி நேரம் கழிச்சு புதுசா வருது. மனசு கேக்கல."

"அந்தப் பெரியவரோட சேத்து என்னையும் காப்பாத்திட்டீங்கக்கா. சாகுறவரைக்கும் மறக்க மாட்டேன்."

"அது கெடக்கட்டும். காலையில அந்த வீட்ட டெஸ்ட்ல போட்டியே, எடுக்கச் சொன்னியா?"

சொல்லவில்லை.

அன்றிலிருந்து ஓய்வு பெறும்வரை, "எடுத்தாச்சு தம்பி" என்று காதால் கேட்காமல் எந்த வீட்டு வாசலையும் நான் தாண்டியதில்லை.