நாலாவது பீரியடு

பச்சை அட்டை போட்ட நீள நோட்டு அது. எந்த ஆசிரியர் லீவு, அவருடைய வகுப்புக்கு யார் போவது என்று தினமும் காலையில் நான்தான் அதில் எழுதுவேன். என் கை முதலில் தேடுகிற பெயர் கவுன்சிலர் டீச்சருடையது. பள்ளி முழுவதற்கும் பிள்ளைகளின் மனக்குறை கேட்க அவர் ஒருவர்தான். ஆனால் கால அட்டவணையில் அவருக்கு நேரே எல்லாக் கட்டங்களும் காலி. காலி என்றால் சும்மா இருக்கிறார் என்றுதான் கணக்கு வாத்தியாரான எனக்குப் புரிந்தது. பஸ் டூட்டி, பரீட்சை ஹால், சண்டைக்கு வரும் பெற்றோர் எல்லாம் அவர் தலையில்தான் விழும். "டீச்சர் ரெஸ்ட் எடுக்கத்தான வாராக" என்று ஸ்டாஃப் ரூமில் கேலி பேசியவர்களில் நானும் ஒருவன். அவர் சிரித்துக்கொண்டே நோட்டில் கையெழுத்துப் போடுவார்.

அன்று பெரிய முகூர்த்த நாள். நான்கு பேர் கல்யாணத்துக்குப் போய்விட்டார்கள். நோட்டை விரிக்கும்போதே டீச்சர் வந்து நின்றார்.

"சார், நாலாவது பீரியடு மட்டும் என்னைய விட்ருங்க. விளாங்குடியில இருந்து வருமே, ஒன்பதாவது புள்ள, மூணு வாரமா வாயே தெறக்காம உக்காந்துட்டுப் போச்சு. இன்னைக்குச் சொல்றேன்னு சொல்லியிருக்கு."

"அம்புட்டுப் பேரும் லீவு போட்டா நான் ஆளுக்கு எங்க டீச்சர் போவேன்? நாளைக்குப் பேசட்டும்" என்றேன்.

ஆறாம் வகுப்புக்கு அனுப்பிவைத்தேன். அந்தப் பெண் டீச்சருடைய அறையின் பூட்டிய கதவுக்கு முன்னால் பீரியடு முழுவதும் நின்றிருக்கிறாள். மறுநாள் வரவில்லை. அடுத்த வாரம் அவளுடைய மாமா வந்து டி.சி. வாங்கிப் போனார். டீச்சர் வீடு தேடிப் போனபோது அங்கும் பூட்டு. அவள் என்ன சொல்ல வந்தாள் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

டீச்சர் என்னை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அதற்குப் பிறகு எந்த வகுப்பு என்றுகூடப் பார்க்காமல் நோட்டில் கையெழுத்துப் போட்டார். அழுதுகொண்டு வரும் பிள்ளைகளை எதுவும் கேட்காமல் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிடுவார். மாலையில் காளவாசல் ஸ்டாப்பில் தன்னுடைய பஸ் வந்து போவது தெரியாமல் நிற்பார். அந்த ஆண்டு முடிவில் வேலையை விட்டுவிட்டார்.

போன மாதம் மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் டீச்சரைப் பார்த்தேன். துணிக்கடையில் வேலையாம். "இப்ப யாரு என்ன சொன்னாலும் காதுல வாங்கிக்கிறதில்ல சார். நிம்மதியா இருக்கு" என்றார். பஸ் ஏறப்போனவர் திரும்பி, "அந்தப் புள்ளயப் பத்தி ஏதும் தெரிஞ்சுச்சா?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். மன்னிப்புக் கேட்க நினைத்தவன், அவருடைய பையை வாங்கி பஸ்ஸில் ஏற்றிவிட்டேன்.

அந்த நோட்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. டீச்சருடைய இடத்துக்குப் பள்ளியில் வேறு யாரையும் போடவில்லை. நாலாவது பீரியடில் ஆள் குறைந்தால் என் பெயரையே எழுதிக்கொள்கிறேன். இனி அதனால் யாருக்கும் பிரயோஜனமில்லை. வகுப்புக்குப் போகிற வழியில்தான் டீச்சருடைய அறை. பூட்டிய கதவுக்கு முன்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் கடந்து போகிறேன்.