அஞ்சு சைஸ்காரி

திரும்பி வந்த பெட்டியை எடுத்தவுடன் அவள் பிரித்துவிட மாட்டாள். முதலில் டேப்பைத் தடவிப் பார்ப்பாள். சுருக்கமில்லாமல் ஓரம் பார்த்து ஒட்டியிருந்தால், அனுப்பியவர் வேறு வழியில்லாமல் திருப்பி அனுப்பிய நேர்மையான ஆள். சுற்றிச் சுற்றி மூலையெல்லாம் அமுக்கி ஒட்டியிருந்தால் உள்ளே ஏதோ சங்கதி இருக்கிறது. கறையாக இருக்கலாம், கிழிசலாக இருக்கலாம், யாரோ ஒருத்தி ஒரு விருந்துக்குப் போட்டுக்கொண்டு போய்வந்த சென்ட் வாசனையாகவும் இருக்கலாம். ஒருமுறை, ‘பிரிக்கவே இல்லை’ என்று சீட்டு ஒட்டி வந்த மிக்சியின் பிளேடுக்கு அடியிலிருந்து அரைக் கரண்டி மிளகாய்த்தூளைச் சுரண்டி எடுத்து மேலதிகாரியின் மேஜையில் வைத்தாள். அன்றிலிருந்து அந்தக் கிடங்கில் அவள் பெயர் சிஐடி. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு நின்றுவிட்டது. நாமும் சிஐடி என்றே சொல்லிக்கொள்வோம், அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

ஆன்லைனில் படம் பார்த்து வாங்கி, பிடிக்காமல் ஜனங்கள் திருப்பி அனுப்புகிற சாமான்கள் வந்து குவிகிற மாடி அது. எது மறுபடி விற்கும், எது விற்காது, ஏன் திரும்பி வந்தது என்று பிரித்துச் சொல்வதுதான் அவள் வேலை. பத்து வருஷத்துக்கு மேல் அதைச் செய்தாள். பிறகு ஒரு காலை, அந்த வேலையை வேறு ஊர் காண்டிராக்டருக்குக் கொடுத்துவிட்டோம் என்றார்கள். மத்தியானம் மாடியே காலி.

செய்தி கேட்டதும் அண்ணன் போன் செய்தார். எலக்ட்ரிக் சாமான் கடை வைத்திருப்பவர். நல்ல மனுஷர்.

“எதுக்குக் கவலைப்படறே? கடைக்கு வந்து கல்லாவுல உக்காரு. மாடி ரூம் சும்மாத்தான் கிடக்கு. குழந்தையைக் கூட்டிக்கிட்டு வந்துடு.”

அந்த மாடி ரூமை அவளுக்குத் தெரியும். கணவன் விட்டுவிட்டுப் போன புதிதில் கைக்குழந்தையோடு அங்கேதான் இருந்தாள். யாரும் ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னதில்லை. ஆனால் ஃபிரிஜ்ஜைத் திறக்கும்போது மெதுவாகத் திறப்பாள். சிரிப்பு வந்தால் அடக்கிக்கொள்வாள். தனியாக வீடு எடுத்துக்கொண்டு கிளம்பிய நாளில், இனி வாசற்படி ஏறினால் விருந்தாளியாகத்தான் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

“ஸ்கூல் லீவு விடற வரைக்கும் டைம் குடுங்கண்ணா. அதுக்குள்ள நானே ஒண்ணு பிடிச்சுடறேன்.”

“சரி. லீவு விட்டதும் வண்டி அனுப்புவேன். அப்பறம் சாக்கு சொல்லக் கூடாது.”

இப்படித்தான் கெடு விழுந்தது.

வேலை தேடும் வேலையை அவளுக்குக் கற்றுக்கொடுத்தவள் புல்டோசர். கிடங்கில் பாரம் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டியவள், அவளுக்கும் சேர்த்துத்தான் வேலை போயிருந்தது. குரலும் அந்த வண்டியைப் போலத்தான். இருவரும் புல்டோசரின் சமையலறையில் உட்கார்ந்து, ஆளுக்கொரு போனில் வேலைவாய்ப்புத் தளத்தைத் திறந்து வைத்துக்கொள்வார்கள். ஒவ்வொரு வேலைக்குக் கீழேயும் இதுவரை எத்தனை பேர் விண்ணப்பித்திருக்கிறார்கள் என்று ஓர் எண். எல்லாமே நூற்றுக்கணக்கில். பக்கத்திலேயே ஒரு நீலப் பட்டன். அதை அமுக்கினால் போதும், ஏற்கெனவே ஏற்றி வைத்த பயோடேட்டா தானாகப் போய்ச் சேர்ந்துவிடும்.

“படிச்சுப் பார்த்துக்கிட்டு உக்காராதே! அமுக்கு,” என்பாள் புல்டோசர். “கல்லை விட்டுக்கிட்டே இருந்தா ஒரு மாங்காயாவது விழும்.”

“இது ராத்திரி வாட்ச்மேன் வேலை போட்டிருக்கே.”

“வாட்ச்மேன் தூங்காம இருக்கணும். உனக்கு இப்ப தூக்கம் வருதா?”

“வரல.”

“தகுதி இருக்கில்ல? அமுக்கு.”

அமுக்கினாள். பதிலே வரவில்லை, வந்தால் ‘தங்கள் ஆர்வத்துக்கு நன்றி’ என்று ஆரம்பித்து வந்தது. “நன்றி சொல்லிச் சொல்லியே நம்மளைக் கொன்னுடுவானுங்க போல,” என்றாள் புல்டோசர். நடுவில் அண்ணி போன் செய்வாள். “வேலை ஏதாவது அமைஞ்சுதாம்மா? அவசரமில்ல. மாடிக்கு என்ன கலர் அடிக்கலாம்னு உங்க அண்ணன் கேட்டாரு, அதான்.” அந்த ‘அதான்’ இருக்கிறதே, ஊசி முனையில் தேன் தடவியது.

ஒரு நாள் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. காலணி விற்கும் ஒரு கம்பெனி. ஆள் எடுக்கும் பிரிவிலிருந்து ஒரு அம்மாள் பேசினாள். சிஐடி சட்டென்று எழுந்து நின்றாள். புல்டோசர் அடுப்பை அணைத்தாள்.

“நீங்க எங்ககிட்ட வேன் டிரைவர் வேலைக்கு அப்ளை பண்ணியிருக்கீங்களா?”

“ஆமா மேடம்.”

“வேன் ஓட்டுவீங்களா?”

“…சைக்கிள் ஓட்டுவேன்.”

அந்த அம்மாள் பட்டியலை வாசித்தாள். “கணக்கு அசிஸ்டென்ட், கேன்டீன் மேற்பார்வை, ராத்திரி காவல், ரிட்டர்ன் செக்கிங்… எல்லாத்திலயும் உங்க பேர்தான் இருக்கு. நாங்க காலியா இருக்குன்னு போட்ட எல்லா வேலைக்கும் நீங்கதான் வந்து நிக்கறீங்க. ஒரே பேர்ல இத்தனை வந்தா எங்க சிஸ்டம் எல்லாத்தையும் சேர்த்து ஓரமா ஒதுக்கிடும்மா. யாரும் திறந்துகூடப் பார்க்க மாட்டாங்க. எனக்கே சிரிப்பு வந்துதான் கூப்பிட்டேன். திட்டறதுக்கு இல்ல. சொல்லணும்னு தோணுச்சு.”

“அப்ப எதை வச்சுக்கட்டும் மேடம்? எதை எடுத்துடட்டும்?”

“அதை நீங்கதானேம்மா சொல்லணும்!”

சிஐடி போனை வைத்தாள். முகம் சுட்டது. கிடங்கில் ஒரு வகை வாடிக்கையாளர் உண்டு. தன் அளவு என்ன என்று பார்க்கச் சோம்பல்பட்டு, ஒரே சட்டையை எல்லா அளவிலும் வரவழைத்து, ஒன்றை வைத்துக்கொண்டு மீதியைத் திருப்பி அனுப்புவார்கள். ‘அஞ்சு சைஸ்காரன்’ என்று அவர்களுக்குப் பெயர். அந்தப் பெட்டிகளைக் கடைசியாகத்தான் பிரிப்பார்கள். அனுப்பியவனே கவலைப்படாத சாமானுக்கு நமக்கென்ன அவசரம் என்று மூலையில் தள்ளி வைப்பார்கள். தள்ளி வைத்தவள் அவள்தான்.

“நானும் அஞ்சு சைஸ்காரி ஆயிட்டேன்டீ.”

“அதுக்கென்ன? ஊரே அப்படித்தான் அமுக்குது.”

“அதான் ஊரே மூலையில கிடக்குது.”

புல்டோசருக்குக் கோபம் வந்துவிட்டது. “அப்ப நான் சொல்லிக்குடுத்தது தப்புங்கறியா?”

“உனக்குத் தப்பில்ல. நீ எந்த வண்டியைக் குடுத்தாலும் ஓட்டுவே. எனக்கு ஒரு வேலைதான் தெரியும். தெரிஞ்ச வேலையைக் கேக்காம தெரியாததெல்லாம் கேட்டுக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன்.”

விண்ணப்பத்தைத் திரும்பப் பெறும் வழி அந்தத் தளத்தில் எங்கோ அடியாழத்தில் ஒளிந்திருந்தது. தேடிப் பிடித்து, அங்கே இங்கே அனுப்பியிருந்த அத்தனையையும் ஒவ்வொன்றாக எடுத்தாள். காலணிக் கம்பெனியில் ரிட்டர்ன் செக்கிங் ஒன்றை மட்டும் விட்டுவைத்தாள். புல்டோசர் அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். “இருக்கிற கல்லையெல்லாம் கீழ போட்டுட்டு மாங்காயை முறைச்சுப் பார்க்கறா பாரு!”

அதற்குப் பிறகு சில நாள் சிஐடி செய்ததெல்லாம் படிப்புத்தான். அந்தக் கம்பெனியின் செருப்புப் படங்களுக்குக் கீழே வாங்கியவர்கள் எழுதிவைத்த புலம்பல்களை ஒன்றுவிடாமல் படித்தாள். புகழ்ச்சியைத் தாண்டிப் போய்விட்டாள். வசவுகளை மட்டும் பெட்டிகளைப் போலத் தரம் பிரித்தாள். ஒரு பட்டை வைத்த செருப்புக்கு மட்டும் ‘குதிகாலைக் கடிக்கிறது’ என்று வரிசையாக எழுதியிருந்தார்கள். அதே செருப்பை அண்ணி காலில் பார்த்த ஞாபகம்.

போனாள். விருந்தாளியாகத்தான்.

“அண்ணி, அந்தச் செருப்பைக் கொஞ்சம் காட்டுங்க.”

“அந்தச் சனியனா? போட்டா உசிர் போகுது. திருப்பி அனுப்பலாம்னு எடுத்து வச்சிருக்கேன்.”

“அனுப்பாதீங்க. போட்டுக்கிட்டு நடங்க.”

“நடக்கவா? எதுக்கு?”

“என் வேலைக்கு.”

அண்ணி ஹாலில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். சிஐடி தரையோடு தரையாகக் குனிந்து குதிகாலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடையிலிருந்து சாப்பிட வந்த அண்ணன் வாசலிலேயே நின்றுவிட்டார். “என்ன, ரெண்டு பேரும் சண்டையா?”

“பேசாம இருங்க. நான் டெஸ்ட் பண்ணிக்கிட்டிருக்கேன்,” என்றாள் அண்ணி. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த வீட்டில் அவளிடம் யாரும் உதவி கேட்டதில்லை, வேலைதான் சொல்லியிருக்கிறார்கள் என்பது சிஐடிக்கு அப்போதுதான் உறைத்தது.

விண்ணப்பத்தோடு ஒரு சின்ன வீடியோவும் சேர்க்கலாம் என்று அந்தக் கம்பெனி சொல்லியிருந்தது. கட்டாயமில்லை, அதனால் யாரும் சேர்ப்பதில்லை. அண்ணிதான் போனைப் பிடித்தாள். செருப்பைப் பெட்டியில் போட்டு, டேப் ஒட்டி, பிறகு தான் எப்படித் தடவிப் பார்த்துப் பிரிப்பாள், எங்கே முகர்வாள், எங்கே நகத்தால் கீறிப் பார்ப்பாள் என்று சிஐடி செய்து காட்டினாள். நடுவில் அண்ணியின் குரலும் பதிந்துவிட்டது: “தலையைக் கொஞ்சம் நிமித்து, எருமை மாதிரி குனிஞ்சுக்கிட்டு!” மறுபடி எடுக்கலாமா என்று கேட்டதற்கு, “வேண்டாம் அண்ணி, கிடங்குல இதைவிட மோசமாத்தான் பேசுவாங்க,” என்றாள்.

பழைய பயோடேட்டாவில், ‘கடின உழைப்பாளி, குழுவாகச் செயல்படுபவர்’ என்று புல்டோசருக்கு இருந்த அதே வரிகள்தான் அவளுக்கும் இருந்தன. இருவரும் ஒரே கடையில் அடித்தது. அதை அழித்துவிட்டுத் தன் வேலையைத் தன் வார்த்தையில் எழுதினாள். கீழே, உங்கள் செருப்புகள் திரும்பி வருவதற்கு இவையெல்லாம் காரணமாக இருக்கலாம் என்று மூன்று விஷயம் எழுதி அனுப்பினாள்.

பதில் இல்லை.

பரீட்சை முடிந்தது. லீவு விட்டார்கள். சனிக்கிழமை வண்டி வரும் என்று அண்ணன் சொல்லிவிட்டார். மகள் பாடப்புத்தகங்களைக் கட்டி வைத்துவிட்டு, “அங்க போனா எனக்குத் தனியா மேஜை இருக்குமாம்மா?” என்று கேட்டாள். சிஐடி போனை எடுத்து, அந்த அம்மாள் கூப்பிட்ட எண்ணைத் தேடி அழைத்தாள்.

“மேடம், நான்தான் வேன் ஓட்டத் தெரியாதவ.”

சிரிப்புச் சத்தம் கேட்டது. “அட, நீங்களா! மத்ததெல்லாம் காணாமப் போச்சேன்னு பார்த்தேன்.”

“நான்தான் எடுத்துட்டேன். ஒண்ணுதான் இருக்கு. அதை யாராவது திறந்தாங்களான்னு மட்டும் சொல்லுங்க.”

“ஒதுக்கி வச்ச கும்பல்லயே கிடக்குதும்மா. இருங்க.” விசைப்பலகை தட்டுகிற ஓசை. பிறகு வீடியோ ஓடுகிற சத்தமும், அதில் அண்ணி ‘எருமை’ என்பதும் சிஐடிக்கே கேட்டது. “நாளைக்குக் காலையில வர முடியுமா?”

வெள்ளிக்கிழமை காலை போனாள். ரிட்டர்ன் பிரிவின் தலைவர் தலை நரைத்த மனுஷர், சட்டைப் பையில் டேப் வெட்டும் கத்தி. அவள் எழுதிய தாளை முன்னால் வைத்திருந்தார்.

“முதல் காரணம், போட்ட அளவைவிடச் செருப்பு சின்னதா வருதுங்கறது, சரி. எங்களுக்கும் தெரியும், மாத்திக்கிட்டிருக்கோம். ரெண்டாவது, படத்துல கலர் மாறித் தெரியுதுங்கறது. அது நாங்க கவனிக்கல. மூணாவது, குதிகால் கடிக்குதுன்னு எழுதியிருக்கீங்களே, அது தப்பு.”

“எப்படித் தப்பு சார்? எங்க அண்ணி காலைக் கடிச்சுதே.”

“பட்டையை ஒரு ஓட்டை தள்ளிப் போட்டாங்களா?”

அவள் யோசித்தாள். பட்டையை அவள் தொடவே இல்லை. “இல்ல சார்.”

“கூடவே ஒரு சீட்டு வரும். அதைப் படிச்சிருந்தா கடிச்சிருக்காது. யாரும் படிக்கறதில்ல.”

“அப்ப சீட்டைப் பெட்டிக்குள்ள வைக்காதீங்க சார். பட்டையிலயே கட்டுங்க. கழட்டினாத்தான் காலை நுழைக்க முடியணும்.”

அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த, போனில் பேசிய அம்மாளைப் பார்த்தார். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சிரித்தாள்.

“இந்த வேலைக்கு நானூறு பேருக்கு மேல கேட்டிருக்காங்க. அனுபவம் உள்ளவங்க நிறையப் பேர். உங்களை எதுக்கு எடுக்கணும்?”

“அவங்கள்லாம் என்னைவிட மட்டம்னு நான் சொல்ல மாட்டேன் சார். போன மாசம் நானும் அந்தக் கும்பல்ல ஒருத்தி. இப்ப உங்ககிட்ட மட்டும்தான் கேட்டிருக்கேன். உங்க செருப்பைத்தான் படிச்சேன். தப்பாவும் படிச்சிருக்கேன். இங்க உக்காந்தா சரியாப் படிப்பேன்.”

“வேற எங்கயும் அப்ளை பண்ணலையா? அது புத்திசாலித்தனம் இல்லையேம்மா.”

“இல்லதான் சார்.”

அவர் பேனாவை மூடினார். நிரந்தர வேலைக்கு ஏற்கெனவே ஒருவரை முடிவு செய்துவிட்டதாகச் சொன்னார். அவள் எழுந்துகொள்ளப் போனாள். ஆனால் அடுத்து விற்பனைக் காலம் வருகிறது, பெட்டிகள் மலையாக வரும், மூன்று மாதத்துக்கு இன்னோர் ஆள் வேண்டும் என்றார். அதன் பிறகு என்ன என்று இப்போது சொல்ல முடியாது. திங்கட்கிழமை வர முடியுமா?

“நாளைக்கே வருவேன் சார்.”

“நாளைக்கு லீவு.”

பஸ் நிறுத்தத்தில் நின்று அண்ணனை அழைத்தாள். விஷயத்தைச் சொன்னாள். அண்ணன் சந்தோஷப்பட்டார், உடனே கவலையும் பட்டார். இரண்டும் ஒரே மூச்சில்தான் வரும் அவருக்கு.

“மூணு மாசம்தானே? அதுக்கப்பறம் என்ன பண்ணுவே?”

“அதுக்குள்ள அங்கயே நிக்கப் பார்ப்பேன். முடியலைன்னா இன்னொண்ணு தேடுவேன். எப்படித் தேடணும்னு இப்பத் தெரியும்ணா. நாளைக்கு வண்டி அனுப்பாதீங்க.”

பின்னாலிருந்து அண்ணி, “என்னவாம்? என்னவாம்?” என்பது கேட்டது.

“அனுப்பல,” என்றார் அண்ணன். “ஞாயித்துக்கிழமை குழந்தையைக் கூட்டிக்கிட்டுச் சாப்பிட வா.”

“வரேன்ணா,” என்றாள். பஸ் வந்துவிட்டது. கூட்டம் பிதுங்கிக்கொண்டு வந்தது. முழங்கையை ஊன்றி இடம் பண்ணிக்கொண்டு ஏறினாள்.