அந்த வாரம் நான் தோற்றது

எங்கள் பிரிவில் எட்டுப் பேர். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு பந்தை உதைத்தவர் ஒருவர்கூட அதில் இல்லை. தாம்பரம் சானடோரியம் பக்கம் ஒரு மூன்றாம் மாடியில் உட்கார்ந்து வெளிநாட்டுக்காரர்களின் காப்பீட்டு விண்ணப்பங்களைச் சரிபார்ப்பது எங்கள் வேலை. ஆனால் திங்கட்கிழமை காலையில் எங்கள் பேச்சைக் கேட்டால், இங்கிலாந்துக் கால்பந்தை நடத்துவதே நாங்கள்தான் என்று தோன்றும்.

ஃபேன்டஸி லீக் என்று பெயர். கைபேசியில் ஆளுக்கொரு அணி. நிஜமாக ஆடுகிறவர்களில் பதினொரு பேரை நாம் பொறுக்கிக்கொள்ள வேண்டும். அவர்கள் அந்த வாரம் நன்றாக ஆடினால் நமக்குப் புள்ளி. கேப்டனாக யாரைப் போடுகிறோமோ அவருடைய புள்ளி இரட்டிப்பு. பெரும்பாலும் சனிக்கிழமை மாலை நான்கரைக்குள் முடித்துவிட வேண்டும். அதன் பிறகு எதையும் மாற்ற முடியாது, யார் யாரைப் போட்டிருக்கிறார்கள் என்று எல்லோரும் பார்க்கலாம். அந்த வாரம் கடைசி இடம் யாருக்கோ, அவருடைய கணினித் திரையின் மேல் ஒரு வாரம் திருஷ்டி பொம்மை தொங்கும். கட்டுகிற வீடுகளில் நாக்கை நீட்டிக்கொண்டு தொங்குமே, அதேதான். தாம்பரம் மார்க்கெட்டில் அதை வாங்கிவந்தவர் எங்கள் எட்டுப் பேரில் ஒருவரான அக்கா.

அக்காவுக்கு என்னைவிட எட்டு வயது கூடுதல். கீழ்க்கட்டளையில் வாழ்க்கைப்பட்டவர். நான் டீம் லீடர், அவர் என் கீழே வேலை செய்கிறவர் என்பதெல்லாம் காகிதத்தில் மட்டும்தான். கல்லூரியில் படிக்கும் மகனிடம் ஆட்டத்தைக் கற்றுக்கொண்டு வந்து, முதல் வருஷமே என்னை மண்ணைக் கவ்வ வைத்தார். ஆட்டக்காரர்களின் பெயர்கள் அவர் வாயில் நுழையாது. குடுமிக்காரன், கோவக்காரன், மாப்பிள்ளை என்று அவராகவே ஒரு பெயர் வைத்துக்கொள்வார். கொஞ்ச நாளில் நாங்கள் எல்லோருமே அப்படித்தான் சொல்ல ஆரம்பித்தோம்.

நான்கு வருஷம் எங்கள் இருவருக்கும்தான் நிஜப் போட்டி. மற்ற ஆறு பேரும் வேடிக்கை பார்க்க வந்தவர்கள். அவருடைய மாமியார் இறந்தபோது ஒரு சனிக்கிழமை மதியம் துக்கம் விசாரிக்கப் போனேன். மாலையைப் போட்டுவிட்டு ஓரமாக நின்றேன். அக்கா அழுத கண்ணோடு பக்கத்தில் வந்து, யாரைக் கேப்டனாகப் போட்டிருக்கிறாய் என்று மெதுவாகக் கேட்டார். குடுமிக்காரனை என்றேன். சுத்தப் பொய். அதை நம்பி அவரும் குடுமிக்காரனைப் போட்டு அந்த வாரம் கடைசியில் வந்தார். காரியமெல்லாம் முடிந்து அவர் வேலைக்கு வந்தபோது, மேசையில் பொம்மை தயாராகத் தொங்கியது. செய்தது கொஞ்சம் அதிகமோ என்று நான் பயந்துகொண்டிருந்தேன். அவரோ கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

“சாவு வூட்லகூட நீ எனக்கு விட்டுக் குடுக்கல பாரு, அதான் தம்பி மரியாதை” என்றார். “வந்தவங்க எல்லாம் என்னை ஐயோ பாவம்னு பாத்தாங்க. நீ ஒருத்தன்தான் பாக்கல.”

போன வருஷம் ஒரு வியாழக்கிழமை மேலாளர் என்னைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். ஆட்களைக் குறைக்கிறார்கள், எங்கள் பிரிவிலிருந்து ஒருவர். அது அக்கா. அவருடைய வருட மதிப்பீட்டில் ‘சுமார்’ என்று எழுதியவன் நான். புது மென்பொருளில் அவர் கை கொஞ்சம் மெதுவாகத்தான் ஓடியது, அதனால் எழுதினேன். அது இதற்குப் பயன்படும் என்று தெரிந்திருந்தால் எழுதியிருப்பேனா என்று இன்னமும் என்னையே கேட்டுக்கொள்கிறேன். திங்கட்கிழமை காலையில் சொல்வார்களாம், அதுவரை யாருக்கும் தெரியக் கூடாதாம். தலையாட்டிவிட்டு வந்தேன். அவருக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. பயந்துவிட்டேன், அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை முழுக்க அக்கா என்னை வம்புக்கு இழுத்தார். நானும் பதிலுக்குச் சிரித்தேன். எப்படிச் சிரித்தேன் என்று தெரியவில்லை.

சனிக்கிழமை குரோம்பேட்டையில் வீட்டில் கைபேசியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவருக்கு ஏதாவது செய்ய வேண்டும்போல இருந்தது. செய்ய வேண்டியதைச் செய்யத் துப்பில்லாதவனுக்குப் புத்தி இப்படித்தான் போகும். நன்றாக ஆடுகிறவர்களை எல்லாம் வெளியே உட்கார வைத்தேன். காலில் மாவுக்கட்டோடு கிடந்த ஒருவனைக் கேப்டனாக்கினேன். கடைசித் திங்கட்கிழமையாவது அவர் ஜெயித்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தேன். ஐந்து மணிக்கு அக்காவிடமிருந்து அழைப்பு வந்தது. பத்து நிமிஷம் கழித்து இன்னொன்று. இரண்டையும் எடுக்கவில்லை.

திங்கட்கிழமை எனக்கு முன்னாலேயே வந்திருந்தார். ஜெயித்தவர் போடுகிற ஆட்டம் எதுவும் போடவில்லை. நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“வூட்ல யாருக்காச்சும் ஒடம்பு முடியலையா தம்பி? காலு ஒடஞ்சவனக் கேப்டனா போட்டுகினு கீற. நீ அப்டிப் பண்ற ஆளில்லையே. ரெண்டு நாளா எனக்கு மனசே சரியில்ல.”

என் கண் மேலாளர் அறைப் பக்கம் போனது. மனிதவளப் பிரிவுப் பெண் ஒரு கோப்போடு உள்ளே காத்திருந்தார். அக்காவும் அங்கே பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான்கு வருஷமாக என் முகத்தைப் பார்த்தே என் அணியைச் சொல்லிவிடுகிறவர்.

“எனக்கா?” என்று கேட்டார்.

தலையாட்டினேன்.

“எப்பத்துலேர்ந்து தெரியும்?”

“வியாழக்கிழமை, அக்கா.”

அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை.

“வேல போனா வேற தேடிக்கலாம். கடைசில நீயும் என்னை ஐயோ பாவம்னு பாத்துட்ட இல்ல” என்றார்.

பிறகு எழுந்து, போன வாரம் தோற்றவர் மேசையிலிருந்து பொம்மையை அவிழ்த்து வந்து, என் திரையின் மேல் கயிற்றை நன்றாக இழுத்துக் கட்டினார். கோணலாக இருந்ததை நிமிர்த்திவிட்டு அந்த அறைக்குள் போனார். இருபது நிமிஷத்தில் வெளியே வந்து, கைப்பையையும் சாப்பாட்டுக் கூடையையும் எடுத்துக்கொண்டு, எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு கிளம்பினார். என்னிடமும் வருகிறேன் என்றார். மதியத்துக்குள் எங்கள் அரட்டைக் குழுவிலிருந்து விலகியிருந்தார்.

லீக்கிலிருந்து மட்டும் விலகவில்லை. அடுத்த சனிக்கிழமை நான்கரைக்குப் பிறகு பார்த்தேன். அவர் அணியில் கேப்டன் மாறியிருந்தார். கீழ்க்கட்டளையில் வீட்டிலிருந்தபடியே, யாரிடமும் பேசாமல், ஆடிக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு வாரமும் உயிரைக் கொடுத்து அணியைத் தேர்ந்தெடுத்தேன். மன்னிப்புக் கேட்க எனக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான்.

ஐந்தாவது வாரம் அவர் முதலிடம், நான் கடைசி. என்னிடம் இருந்த மிகச் சிறந்த பதினொருவரையும் போட்டுத்தான் தோற்றேன். பொம்மை திரும்பவும் என் மேசைக்கு வந்தது. அதன் கீழே உட்கார்ந்து, எழுதியும் அழித்தும் கடைசியில் அவருக்கு ஒரு வரி அனுப்பினேன்.

“அக்கா, இந்த வாரம் நிஜமாவே தோத்துட்டேன்.”

உடனே பார்த்துவிட்டார். பதில் சாயங்காலம்தான் வந்தது.

“அது இனிமே எனக்கு எப்டித் தெரியும் தம்பி?”