இல்லாத நோயாளிக்காக வந்தவர்கள்

2009 மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை காலை நடந்தது இது. புதுச்சேரி சாரத்தில், மருந்துக் கடை ஒன்றின் மாடியில் இருந்த சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் அப்போது எனக்கு வேலை. மற்றவர்கள் உருவாக்கும் வெப்சைட்டைச் சோதித்துப் பார்க்கும் டெஸ்டர் நான்.

ரத்த தானம் செய்பவர்களை ஒன்று சேர்க்கும் ஒரு குழு எங்களிடம் வெப்சைட் கேட்டிருந்தது. ரத்தம் வேண்டும் என்று யாராவது அதில் பதிவு செய்தால், அந்த வகை ரத்தம் உள்ளவர்களின் செல்போனுக்கு உடனே எஸ்.எம்.எஸ். போகும். அவர்களிடம் இருந்த பழைய சைட், ஒரு பஸ் விபத்து நடந்த அன்று எல்லோரும் ஒரே நேரத்தில் திறந்ததில் அப்படியே படுத்துவிட்டதாம். “இன்னொரு தடவ அப்படி ஆவக் கூடாதும்மா” என்று குழுவை நடத்தியவர் என்னிடம் பார்க்கும்போதெல்லாம் சொல்வார். எங்களுக்கெல்லாம் அவர் ‘சார்’.

அதனால்தான் லோட் டெஸ்ட். ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே சமயத்தில் வருவதுபோலப் பொய்யாக ஒரு கூட்டத்தைக் கிளப்பிவிட்டு, சைட் தாங்குகிறதா என்று பார்ப்போம். அதற்கான ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர் இலவசமாகவே கிடைத்தது. ஆனால் அவ்வளவு பெரிய கூட்டத்தைக் கிளப்ப எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டர்களுக்குத் தெம்பு போதாது. எங்கோ வெளிநாட்டில் இருக்கும் கம்ப்யூட்டர்களை இன்டர்நெட் வழியாக மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கும் ‘கிளவுட்’ அப்போதுதான் பழக்கத்துக்கு வந்திருந்தது. சாரத்தில் உட்கார்ந்துகொண்டு கடல் தாண்டி இருக்கும் இயந்திரங்களை ஏவுவது எனக்குப் பெரிய பெருமை.

சைட்டின் நகல் ஒன்றையும் அங்கேயே ஏற்றி, அதில் குழுவினரின் உண்மையான செல் நம்பர்களையே போட்டிருந்தோம். எஸ்.எம்.எஸ். அனுப்பித் தரும் கம்பெனி, “திங்கட்கிழமைதான் லைன தொறப்போம். அதுவரைக்கும் ஒரு மெசேஜும் வெளிய போவாது” என்று உறுதி சொல்லியிருந்தது.

நானும் எங்கள் டீம் லீடரும் டெஸ்ட்டை ஆரம்பித்தோம். திரையில் கூட்டத்தைக் காட்டும் கோடு ஏறிக்கொண்டே போனது. சைட் அசையவில்லை. லீடர் சந்தோஷத்தில் டீ சொல்லிவிட்டார்.

டீ வருவதற்குள் போன் வந்தது. சார்தான். மூச்சு வாங்கியது அவருக்கு.

“எந்த வார்டும்மா? யாருக்கு ரத்தம்? மெசேஜ் மேல மெசேஜா வருது. எல்லாரும் போன் பண்றாங்க. நான் ஆஸ்பத்திரிக்குக் கெளம்பிட்டேன்.”

மெசேஜைப் படிக்கச் சொன்னேன். ‘அவசரம். உயிருக்கு ஆபத்து. அரசு ஆஸ்பத்திரி ரத்த வங்கிக்கு உடனே வரவும்.’ டெஸ்ட்டுக்காக நான் அடித்து வைத்த வாசகம் அது. திங்கட்கிழமை திறக்க வேண்டிய லைனை எஸ்.எம்.எஸ். கம்பெனிக்காரர்கள் அன்று காலையிலேயே திறந்துவிட்டிருக்கிறார்கள்!

நிறுத்துவதற்காக மவுஸைப் பிடித்தேன். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. பழைய யு.பி.எஸ். ஒரு கத்து கத்திவிட்டு அணைந்தது.

“அப்பாடா, நின்னுடுச்சு” என்றேன்.

லீடர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். “நின்னது நம்ம மிஷின்மா. டெஸ்ட்டு ஓடுறது இங்க இல்லியே!”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாடகைக்கு எடுத்த கம்ப்யூட்டர்களுக்கு எங்கள் ஊர்க் கரண்ட் போனது எப்படித் தெரியும்? அவை பாட்டுக்கு ‘உயிருக்கு ஆபத்து’ என்று அனுப்பிக்கொண்டே இருக்கும். எஸ்.எம்.எஸ். கம்பெனியில் யாரும் போனை எடுக்கவில்லை.

குடைகூட எடுக்காமல் அடுத்த தெருவுக்கு ஓடினேன். ஜெனரேட்டர் வைத்திருந்த பிரவுசிங் சென்டர் அங்கே இருந்தது. எல்லா இடத்திலும் ஆள். பிரான்சில் இருக்கும் மகனை வெப்கேமில் பார்த்துப் பேசிக்கொண்டிருந்த ஓர் அம்மா, நான் நின்ற கோலத்தைப் பார்த்து, “நீ உக்காரு பாப்பா, அவன்கிட்ட அப்புறம் பேசிக்கிறேன்” என்று எழுந்தார். பாஸ்வேர்டை இரண்டு முறை தப்பாக அடித்தேன். ஒவ்வொரு கம்ப்யூட்டராகத் தேடி அணைத்து முடித்தபோது என் துப்பட்டாவிலிருந்து கீபோர்டில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

பிறகு ஸ்கூட்டியில் ஆஸ்பத்திரிக்குப் பறந்தேன். யாரும் வந்திருக்கக் கூடாது என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டே போனேன்.

ரத்த வங்கி வாசலில் கூட்டம் வராந்தா தாண்டி மழையில் நின்றது. பாக்டரி யூனிபார்மோடு சிலர். விழுப்புரம் பஸ்ஸில் ஏறிவிட்டுப் பாதியில் இறங்கி வந்த ஒரு டீச்சர். சட்டையில் சிமென்ட் காயாத ஒருவர். சார் நடுவில் நின்று திணறிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எல்லோரும் திரும்பினார்கள்.

“யாருக்கும்மா? இன்னா ஆச்சு? உயிரோடதான கீறாங்க?” என்றார் சிமென்ட் சட்டைக்காரர். முதலியார்பேட்டையில் வேலையைப் போட்டுவிட்டு சைக்கிளில் வந்திருந்தார்.

“நோயாளின்னு யாருமே இல்லீங்க. கம்ப்யூட்டர்ல ஒரு சோதனை பண்ணோம். தவறிப்போய் உங்களுக்கு வந்துடுச்சு. மன்னிச்சிடுங்க.” கும்பிட்டுக்கொண்டே சொன்னேன்.

ஒருவர் கத்தினார். “உசுரு உங்களுக்கு விளையாட்டா?” டீச்சர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தார். வந்தது வந்தோம், ரத்தம் கொடுத்துவிட்டுப் போகிறோம் என்றார்கள் சிலர். நர்ஸ் விடவில்லை. “இன்னிக்கே எல்லாரும் குடுத்துட்டா, அப்புறம் மூணு மாசத்துக்கு யாரையும் கூப்பிட முடியாது. போங்க, தேவைன்னா சொல்றோம்.”

சிமென்ட் சட்டைக்காரர் மட்டும் என் பக்கத்தில் வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

“யாருக்கும் ஒண்ணும் ஆவலல்ல, அது போதும். ஆனா ஒண்ணும்மா. இதுவரைக்கும் மெசேஜ் வந்தா யோசிக்காம வந்துடுவேன். இனிமே இது நெசமான்னு ஒரு நிமிசம் யோசிப்பேன்ல? அந்த யோசனைய ஏன் குடுத்தீங்க?”

கத்தியவருடைய கோபம்கூட அப்படிச் சுடவில்லை.

அன்றும் மறுநாளும் நாங்களும் சாரும் உட்கார்ந்து ஒவ்வொருவருக்காகப் போன் செய்து மன்னிப்புக் கேட்டோம். டெஸ்ட்டுக்கு இனி உண்மையான நம்பர் ஒன்றுகூட வைப்பதில்லை என்று முடிவு செய்து, சைட்டைச் சில வாரங்கள் தள்ளித்தான் திறந்தோம்.

திறந்த சில நாட்களிலேயே பிரசவத்தில் ஒரு பெண்ணுக்கு ரத்தம் தேவைப்பட்டது. மெசேஜ் போனது. நான் சார் பக்கத்திலேயே இருந்தேன். உடனே போன் மணி அடிக்க ஆரம்பித்தது. எடுத்தால் எல்லோரும் ஒரே கேள்விதான். “இது நெசந்தான?” ஆமாம், ஆமாம் என்று சொல்லிச் சொல்லி சார் குரல் கம்மிவிட்டது. அந்தப் பெண் அங்கே கிடக்க, நாங்கள் இங்கே சத்தியம் செய்துகொண்டிருந்தோம். கடைசியில் வந்தார்கள். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். சைட் அன்று ஒரு நொடிகூடத் திணறவில்லை, தாமதமானது நாங்கள் கொடுத்த அந்த யோசனையால்தான்.

அதற்கப்புறம் நானும் அந்தக் குழுவில் சேர்ந்தேன். முகம் தெரியாத யாருக்கோ ரத்தம் வேண்டும் என்று இன்றைக்கும் என் போனில் மெசேஜ் வந்தால், நிஜமா என்று கேட்க மட்டும் எனக்கு மனம் வருவதில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறேன்.