கடைசிச் சீட்டில் ‘காட்டு’

சீட்டுப் போட்டுக் கொடுப்பவனுக்கு இரண்டு கை இருந்தால் போதும், வாய் வேண்டாம்; என்னைப் போல் கூச்சப்படுகிறவனுக்கு அளவெடுத்துத் தைத்த வேலை. ஆவடி சேக்காட்டில் எங்கள் குடியிருப்போர் மன்றத்துப் போக்கர் ஆட்டத்துக்கு நான்தான் சீட்டுப் போடுகிறேன். காசு கிடையாது, சட்டைப் பொத்தான்தான் பந்தயம். ஆனால் ஆண்டுவிழாவுக்கு முந்தின ஞாயிறு, முதலில் பொத்தான் தீர்ந்தவர்தான் அடுத்த செயலாளர். சந்தா வசூல், அடைத்துக்கொண்ட சாக்கடை, மைக்கில் வரவேற்புரை எல்லாம் அவர் தலையில். சீட்டுப் போடும் அன்பர்களே, உங்களுக்கும் தெரியும்: ஆளுக்கு இரண்டு சீட்டு கையில், எல்லோருக்கும் பொதுவாக ஐந்து நடுவில்; அந்த ஐந்தாவதைத் திறந்தபின் எதிராளி பொத்தானை ஏற்றினால், சமமாக வைத்து ‘காட்டு’ என்பதா, சீட்டை மடக்கி விலகுவதா என்பதில்தான் ஆளுக்கு ஆள் தடுமாறுவார்கள்.

ஆடிய கை

பாடியில் லாரிக்கு லோடு ஏற்றும் தனசேகர், கடைசிச் சீட்டில் பாதிப் பொத்தானைத் தள்ளினார். கை நடுங்கியது. எதிரே குவார்ட்டர்ஸ் ரமணி அம்மா, திருநெல்வேலிக்காரர். நடுக்கத்தைப் பயம் என்று எடுத்துக்கொண்டு ‘காட்டு’ என்றார். தனசேகர் இரண்டு ராஜாவை விரித்தார்; நடுவில் கிடந்ததோடு மூன்று.

“பயத்துல இல்லக்கா, குஷில ஆடுச்சு!”

அன்றிலிருந்து பொத்தானைத் தள்ளியதும் கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொள்கிறார்.

மடக்கத் தெரியாதவர்

ரமணி அம்மா எதற்கும் மடக்க மாட்டார். ஒரு நாள் டீ வேளையில் தைரியம் வரவழைத்துக்கொண்டு சொன்னேன்: “ஆறு பொத்தான் கிடக்கும்போது ரெண்டு வைத்துக் காட்டச் சொன்னால், நாலு தடவைக்கு ஒரு தடவை ஜெயித்தாலே நட்டமில்லை. உங்களுக்கு அதுகூட வரவில்லையே?” டம்ளரைக் கீழே வைத்தார்.

“கணக்கு சரிதாண்ணே. தோத்தாலும் பரவாயில்ல. அவர் என்ன வச்சிருந்தார்னு தெரியாம வீட்டுக்குப் போனா உறக்கம் வராதே!”

காலி நாற்காலி

செயலாளரைத் தீர்மானிக்கும் ஞாயிறன்று ஒருவருக்குக் காய்ச்சல். “அண்ணாத்தே, நீ குந்து” என்று தனசேகர் என்னை உட்கார வைத்துவிட்டார். எனக்குச் சாக்கடைகூடச் சம்மதம். மைக்கை நினைத்தால்தான் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

கடைசிச் சீட்டோடு நடுவில் மூன்று இஸ்பேடு. தனசேகர் இருந்த பொத்தான் மொத்தத்தையும் தள்ளினார். என்னிடமும் அதே அளவுதான். தோற்றால் நான் செயலாளர், ஜெயித்தால் அவர். எனக்கு இருந்தது வெறும் ஆஸ் ஜோடி. யோசித்தேன். நடுத்தரமான சீட்டுக்கு இப்படி எல்லாவற்றையும் வைக்க மாட்டார். ஒன்று, அவர் கையில் இன்னும் இரண்டு இஸ்பேடு, ஐந்தும் ஒரே இனமானால் என் ஜோடி செல்லாது; இல்லையென்றால் ஒன்றுமே இல்லை. பெரிய இஸ்பேடு இருந்தால்தான் இவ்வளவு துணிவார். அதில் பெரியதான இஸ்பேடு ஆஸ் என் கையில் அல்லவா இருக்கிறது? அப்படியென்றால் அவர் வெறும் கையோடு மிரட்டுகிறார்.

கணக்கு முடிந்தது, வாய்தான் திறக்கவில்லை. “அண்ணே, மூச்சு விடுங்க” என்றார் ரமணி அம்மா. விட்டேன். அதோடு சேர்ந்து ‘காட்டு’ வெளியே வந்ததில், பக்கத்து அறையில் கேரம் ஆடியவர்கள் எழுந்து வந்துவிட்டார்கள். தனசேகர் கையில் ஒரு இரண்டும் ஒரு ஏழும்; எதற்கும் ஆகாதவை. சீட்டைப் போட்டுவிட்டு என்னையே பார்த்தார்.

“இன்னா தொண்டை அண்ணாத்தே உனுக்கு! இப்ப நான்தானே செயலாளர்? வரவேற்புரை நீதான்!”

கணக்குப்படி நான் ‘காட்டு’ என்றது சரிதான். கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருக்கலாம்.